மிதக்கும் வீட்டின் கணக்கு

விளம்பரப் படங்களில் உல்லாசப் படகு எப்போதும் ஒரே கோலத்தில்தான் காட்சியளிக்கிறது. பச்சை கலந்த நீலக் கடல், வெண்மணல் கரை, காற்றில் புடைத்த பாய், மேல்தளத்தில் சாய்ந்திருக்கும் விருந்தினர். தண்ணீர்த் தொட்டியின் அளவுமானி, கழிவுத் தொட்டி, மின்கலங்கள், விடியும் முன்பே எழுந்துவிட்ட பணியாளர் ஆகியவை அந்தப் படத்தில் இடம்பெறுவதில்லை. வெப்பமண்டலத் தீவுக் கடல்களில் வாடகைக்கு விடப்படும் படகுகளின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புபவர், படத்துக்கு வெளியே நிற்கும் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இத்தொழிலின் தலைநகர் என்று சொல்லத்தக்க இடம், கரீபியக் கடலின் வடகிழக்கு விளிம்பில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட இப்பகுதியில் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 60 தீவுகளும் திட்டுகளும் உள்ளன. மொத்த நிலப்பரப்பு 150 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மக்கள்தொகை முப்பதாயிரம் என்ற அளவில் உள்ளது. டோர்டோலா, வர்ஜின் கோர்டா, ஜோஸ்ட் வான் டைக், அனெகடா ஆகிய நான்கும் முதன்மையான தீவுகள். டோர்டோலாவுக்கும் அதன் தெற்கே வரிசையாக நிற்கும் சிறு தீவுகளுக்கும் இடையே சர் பிரான்சிஸ் டிரேக் நீரிணை ஓடுகிறது.

பாய்மரப் படகுக்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த மைதானம் இந்த நீரிணை. குளிர்கால மாதங்களில் தடக்காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் 15 முதல் 20 நாட் வேகத்தில் மாறாமல் வீசுகிறது. இருபுறமும் உள்ள தீவுகள் பெருங்கடலின் அலைகளைத் தடுத்துவிடுகின்றன. ஒரு தீவிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். கடல் ஏற்றவற்றமும் மிகக் குறைவு. 1969-இல் சார்லி கேரி, ஜின்னி கேரி என்ற தம்பதி ஆறு பாய்மரப் படகுகளுடன் டோர்டோலாவில் 'தி மூரிங்ஸ்' என்ற வாடகை நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் பின் வளர்ந்த இத்தொழில் இன்று நிதிச் சேவைத் துறையுடன் சேர்ந்து இத்தீவுகளின் பொருளாதாரத்தைத் தாங்கும் சுற்றுலாவின் முதுகெலும்பாக இருக்கிறது.

வாடகை முறை இரு வகைப்படும். படகோட்டும் அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டுபவர், படகை மட்டும் எடுத்துத் தாமே செலுத்திச் செல்வது ஒரு வகை. படகுடன் பணியாளர்களையும் சேர்த்து வாடகைக்கு எடுப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் 50 அடி நீளமுள்ள படகில் பெரும்பாலும் இருவரே பணியாளர்கள். ஒருவர் கேப்டன். மற்றவர் சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, கயிறு கட்டுதல் அனைத்தையும் பார்ப்பவர். பல படகுகளில் இவ்விருவரும் கணவன் மனைவியாகவோ வாழ்க்கைத் துணைகளாகவோ இருப்பர். விருந்தினர் எட்டு அல்லது பத்துப் பேர் இருக்கலாம். 12 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கலம் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி பயணிகள் கப்பலாகிவிடும்; அதற்கான விதிகள் மிகக் கடுமையானவை. ஆகவே இப்படகுகள் 12 என்ற எண்ணிக்கைக்குள்ளேயே நின்றுகொள்கின்றன.

இன்று இக்கடலில் மிகுதியாகக் காணப்படுபவை கேட்டமரான் எனப்படும் இரட்டையுடல் படகுகள். அப்பெயர் நம் கட்டுமரத்திலிருந்து சென்றது. சோழமண்டலக் கடற்கரையில் தாம் கண்ட கட்டுமரத்தை ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். பெயர் நம்முடையதாயினும் வடிவம் வேறு. மரங்களை அடுத்தடுத்துப் பிணைப்பது நம் மீனவர் முறை. இரண்டு உடல்களை இடைவெளிவிட்டு இணைப்பது பசிபிக் தீவினரின் முறை. இரட்டையுடல் படகு குறைவாகச் சாயும். அதன் நடுவில் ஒரு கூடத்துக்கு இடமிருக்கும். ஒவ்வோர் உடலிலும் இரண்டு படுக்கையறைகளும் அவற்றுக்குத் தனித்தனிக் குளியலறை கழிப்பறைகளும் அமைக்கலாம். ஒரே பாய்மரப் படகு நான்கு குடும்பங்கள் தங்கும் விடுதியாக மாறியது இவ்வாறுதான். விடுதியின் வசதிகள் கூடியபோது அதன் தேவைகளும் கழிவுகளும் கூடின.

முதலில் தண்ணீர். இத்தகைய படகின் நன்னீர்த் தொட்டிகள் பெரும்பாலும் 600 முதல் 800 லிட்டர் வரை கொள்ளும். பன்னிரண்டு பேர் நகரத்துப் பழக்கத்தில் ஒரு முறை குளித்தாலே அது ஏறத்தாழத் தீர்ந்துவிடும். எனவே கடலில் குதித்து நீந்தியவர் மேல்தளத்தில் சில நொடிகள் மட்டும் நன்னீரில் உடலை அலசிக்கொள்வதும், பாத்திரங்களை முதலில் கடல்நீரில் கழுவுவதும், பல படகுகளில் கழிப்பறைக்குக் கடல்நீரைப் பயன்படுத்துவதும் வழக்கமாயின. வசதி மிகுந்த படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் உண்டு. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் கடல்நீரை மென்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிப்பது அதன் வேலை. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும், அல்லது கூரைமேல் சூரியத் தகடுகள் வேண்டும். குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, அடுப்பு ஆகியவையும் அதே மின்சாரத்துக்காகக் காத்திருக்கும். எதை எப்போது இயக்குவது என்ற கணக்கு கேப்டனின் மனத்தில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கரையில் நிலைமை எளிதென்று எண்ணிவிடக் கூடாது. இத்தீவுகளில் பெரிய ஆறுகள் இல்லை. கூரையில் விழும் மழைநீரை வீட்டின் அடித்தளத் தொட்டியில் சேமிப்பது தீவு மக்களின் நெடுநாள் வழக்கம். பொது வழங்கலுக்கான நீரும் பெரும்பகுதி கடலிலிருந்தே சுத்திகரித்துப் பெறப்படுகிறது. படகுத்துறையில் தொட்டி நிரப்பும் நீருக்கு விலை உண்டு. படகில் ஒருவர் குழாயை மூடாமல் விட்டால் வீணாவது உப்பு நீக்கச் செலவழித்த எரிபொருளும்தான்.

அடுத்தது கழிவு. படகுகளில் கழிவுநீரைச் சேமிக்கும் தொட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் கொள்ளளவு சிறிது. ஓரிரு நாள்களில் நிரம்பிவிடும். நிரம்பியபின் கரையில் உறிஞ்சியெடுக்கும் நிலையத்துக்குப் படகு செல்ல வேண்டும், அல்லது திறந்த கடலுக்குச் சென்று வெளியேற்ற வேண்டும். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் 'மார்போல்' உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு இதற்குத் தெளிவான எல்லை வகுத்துள்ளது. அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைல்களுக்கு அப்பாலும், சுத்திகரிக்காத கழிவை 12 கடல் மைல்களுக்கு அப்பாலும்தான் விட வேண்டும். ஆனால் அவ்விணைப்பு, பன்னாட்டுப் பயணம் செய்யும் 400 மொத்த டன் அளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்ற கப்பல்களுக்கும் மட்டுமே பொருந்தும். பத்து விருந்தினரும் இரண்டு பணியாளரும் சேர்ந்தால் பன்னிரண்டு பேர். 50 அடிப் படகின் அளவோ 400 டன்னுக்கு வெகு கீழே. பன்னாட்டு விதி இப்படகைத் தொடுவதே இல்லை.

தனியொரு படகின் கழிவு கடலுக்குப் பொருட்டன்று என்று வாதிடுபவர் உண்டு. பெருங்கடலின் நடுவே அவ்வாதம் செல்லும். விரிகுடாவில் செல்லாது. டிரேக் நீரிணையில் பெரும்பாலும் எங்கு நின்றாலும் கரை 3 கடல் மைல்களுக்குள் இருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் புகழ்பெற்ற விரிகுடா ஒன்றில் ஒரே இரவில் பல பத்துப் படகுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் என்றால் அது நீர்மேல் மிதக்கும் ஒரு கிராமம். சாக்கடை வசதியற்ற கிராமம். இத்தொழிலில் உள்ளோர் அறிந்த ஓர் உண்மை இங்கு நினைக்கத்தக்கது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைக் கூட்டமான விரிகுடாவில் அனுபவமுள்ள கேப்டன் இயக்குவதில்லை. வடிகட்டிகள் கெடும் என்பதால் திறந்த கடலுக்குச் சென்ற பிறகே இயக்குகிறார். தாம் குடிக்கத் தயங்கும் நீரில்தான் விருந்தினர் நீந்துகின்றனர். அதே நீரில்தான் பவளமும் வாழ வேண்டியிருக்கிறது.

பவளத்துக்கு வேறோர் ஆபத்து நங்கூரம். காற்று திசை மாறும்போது நிற்கும் படகு நங்கூரத்தை மையமாகக் கொண்டு வட்டமிடும். அதனோடு கடலடியில் கிடக்கும் இரும்புச் சங்கிலியும் துடைப்பம்போல் தரையைப் பெருக்கும். பாறைபோல் திரண்டு வளரும் பவள இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவிலேயே வளர்கின்றன. ஒரே இரவில் உடைந்ததை ஈடுசெய்ய ஒரு தலைமுறை போதாது. நண்பகல் வெளிச்சத்தில் நீரின் நிறம் பார்த்து, பழுப்பு பவளம், வெளிர்நிறம் மணல், கருநீலம் ஆழம் என்று பிரித்தறிந்து மணலில் மட்டும் நங்கூரமிடுவது நல்ல கேப்டனின் அடையாளம். போட்டபின் நீரில் இறங்கி, நங்கூரம் எதன்மேல் கிடக்கிறதென்று பார்த்து வருபவரும் உளர்.

தனிமனிதத் திறமையை மட்டும் நம்பாமல் இத்தீவுகள் இங்கு ஓர் ஏற்பாட்டைச் செய்தன. 1867 அக்டோபர் 29-இல் சூறாவளியில் சிக்கி சால்ட் தீவருகே மூழ்கிய 'ரோன்' என்ற அஞ்சல் கப்பலின் சிதைவு இன்று பவளம் போர்த்திய கடற்பூங்கா. அங்கு நங்கூரமிடத் தடை. அங்கும் பிற முக்கியப் பவளத்திட்டுகளிலும் தேசியப் பூங்காக்கள் அறக்கட்டளை நிலையான மிதவைகளை அமைத்துள்ளது. சிவப்பு பகல்நேரப் பொதுப் பயன்பாட்டுக்கு, மஞ்சள் வணிக முக்குளிப்புப் படகுகளுக்கு, வெள்ளை மற்ற முக்குளிப்போருக்கு என நிறங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு படகு 90 நிமிடம் வரை கட்டிக்கொள்ளலாம். கடலடியில் உறுதியாகப் பதித்த ஒரு பிடிப்பில் நாளெல்லாம் பல படகுகள் மாறி மாறி நிற்கின்றன. ஒரு சங்கிலியும் தரையைத் தொடுவதில்லை. அனெகடாவின் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள ஹார்ஸ்ஷூ பவளத்திட்டிலும் நங்கூரமிடுவதற்குத் தடை உள்ளது. அண்டையில் உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகள், பவளத்துக்குக் கேடு செய்வதாகக் கருதப்படும் ஆக்சிபென்சோன் முதலிய வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புப் பூச்சுகளை 2020 முதல் தடைசெய்துவிட்டன. பன்னாட்டு விதி எட்டாத இடத்தை உள்ளூர் விதி எட்ட முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

இத்தனை கணக்குகளுக்கும் நடுவே எவரும் எழுதி வைக்காத கணக்கு ஒன்று உண்டு. அது பணியாளரின் உறக்கம்.

விருந்தினர் எழும் முன் வானிலை அறிக்கை பார்க்க வேண்டும். எந்திர எண்ணெயும் மின்கல அளவும் சரிபார்க்க வேண்டும். காலையுணவு ஆயத்தமாக வேண்டும். முற்பகலில் பாய் விரித்து அடுத்த தீவுக்குப் பயணம். கட்டண மிதவைகள் பிற்பகலுக்குள் நிறைந்துவிடும் என்பதால் காலத்தோடு சென்று சேர வேண்டும். நீந்துவோர் மீது கண் வைத்திருக்க வேண்டும். பிறகு சிறுபடகில் கரைக்கும் படகுக்கும் நடைகள், மாலைப் பானங்கள், இரவு விருந்து, பாத்திரம், துடைப்பு. விருந்தினர் உறங்கச் சென்ற பின்னரும் காற்று திசை மாறினாலோ நங்கூர எச்சரிக்கை மணி ஒலித்தாலோ கேப்டன் எழுந்து மேலே வர வேண்டும். பல படகுகளில் பணியாளர் படுக்கை என்பது முன்முனையில் மேல்மூடி வழியே இறங்கும் குறுகிய அறை. ஒரு குழு இறங்கி மறு குழு ஏறுவதற்கு இடையில் கிடைக்கும் ஓரிரு நாள்களும் ஓய்வுக்கானவை அல்ல. படுக்கை விரிப்புகள் மாற்றவும், பழுது பார்க்கவும், அடுத்த குழுவின் உணவு விருப்பப் பட்டியலைப் பார்த்துப் பொருள் வாங்கவுமே அவை போதும் போதாததாக இருக்கும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதற்கும் எல்லை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாள்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும். அந்த 10 மணி நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு பகுதி தொடர்ச்சியாக ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். வணிகப் பணியில் உள்ள படகுகள் இவ்வுடன்படிக்கையின் பொது வரையறைக்குள் வரக்கூடியவையே. ஆயினும் பன்னாட்டுப் பயணம் செய்யாத, 200 மொத்த டன்னுக்குக் குறைந்த கலங்களுக்குச் சில விதிகளைத் தளர்த்தும் உரிமை நாடுகளுக்கு அளிக்கப்பட்டுள்ளது. கட்டாயச் சான்றிதழோ பன்னாட்டுப் பயணம் செய்யும் 500 டன் கப்பல்களிலிருந்துதான் தொடங்குகிறது. சான்றிதழ் இல்லாத இடத்தில் ஆய்வாளர் படியேறி வரும் வாய்ப்பும் குறைவு.

ஊதிய அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. வாடகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பாகத் தருவது இக்கடலின் வழக்கம். பணியாளர் வருவாயில் அது பெரும்பங்கு. ஆகவே நள்ளிரவிலும் இன்னொரு பானம் கேட்கும் விருந்தினரிடம் 'ஓய்வு நேரம்' என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்? விருந்தினர் கொடியவர் அல்லர். அவர் அறியமாட்டார், அவ்வளவே. தம் உயிரைக் கையில் வைத்திருப்பவர் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பது பத்துப் பேரின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

'சிறிய படகு, சிறிய விளைவு' என்ற நம்பிக்கை எங்கு கொண்டுபோய் விடும் என்பதை 2017 செப்டம்பர் 6 காட்டியது. அன்று ஐந்தாம் வகைச் சூறாவளியான இர்மா மணிக்கு 280 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகக் காற்றுடன் இத்தீவுகளைக் கடந்தது. டோர்டோலாவின் பராகிட்டா விரிகுடாவில் அலையாத்தி மரங்களின் காப்பை நம்பி நிறுத்தப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான வாடகைப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. காப்பீடு பல உரிமையாளர்களின் இழப்பை ஈடுசெய்தது. உடைந்த கண்ணாடியிழைக் கலங்களையும், கரைந்தோடிய எரிபொருளையும், சிதைந்த அலையாத்திக் காட்டையும் பார்த்துக்கொண்டு வாழ நேர்ந்தது தீவு மக்களுக்கு. கைவிடப்பட்ட படகுகளை அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. தனித்தனியே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத படகுகள் ஒன்றாகக் குவிந்தபோது ஒரு நாடே தாங்க முடியாத சுமையாயின.

இத்தொழிலை வெறுக்கவோ மூடவோ வேண்டியதில்லை. விமான நிலையமும் மாளிகை விடுதியும் விழுங்கும் நிலத்தைப் பாய்மரப் படகு விழுங்குவதில்லை. காற்றால் நகரும் வரை அதன் எரிபொருள் செலவும் குறைவு. தீவு மக்களுக்கு அது கேப்டன், பழுதுபார்ப்பவர், பாய் தைப்பவர், கரையோர உணவக உரிமையாளர் எனப் பல வேலைகளைத் தருகிறது. வேண்டுவது, மிதவைகளில் செய்து காட்டியதைக் கழிவிலும் உறக்கத்திலும் செய்வதுதான்.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, டன் கணக்கைப் பாராமல் விரிகுடாவைப் பார்த்து விதி செய்ய வேண்டும். எத்தனை படகுகள் ஓரிடத்தில் இரவு தங்கலாம் என்பதையும், அங்குக் கழிவுத் தொட்டியைத் திறக்கக் கூடாது என்பதையும் தீவு அரசு வரையறுக்கலாம். கரையில் உறிஞ்சியெடுக்கும் வசதி இல்லாமல் இவ்விதி ஏட்டளவில் நிற்கும். சுற்றுலாப் பயணிகளிடம் பெறும் சுற்றுச்சூழல் தீர்வையின் பயனுள்ள செலவுகளில் அது முதலிடம் பெறத்தக்கது. இரண்டாவது, ஓய்வு நேரத்தை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இரவு இத்தனை மணிக்கு மேல் பணிவிடை இல்லை, எட்டுப் பேருக்கு மேலானால் மூன்றாவது பணியாளர் கட்டாயம் என்ற இரண்டு வரிகள் போதும். அன்பளிப்புக்கு அஞ்சிப் பணியாளர் வாய் திறக்க வேண்டிய நிலையை அவ்வரிகள் நீக்கிவிடும். மூன்றாவது, வாடகைக்கு எடுப்பவரின் கேள்வி. குளிர்சாதனம் உண்டா, இணையம் உண்டா என்று கேட்பவர், கழிவு எங்கே செல்கிறது, பணியாளர் எங்கே உறங்குகின்றனர் என்றும் கேட்கத் தொடங்கினால், விடை சொல்ல முடியாத நிறுவனங்கள் தம் நடைமுறையை மாற்றிக்கொண்டே தீரும்.

ஒரு வாரம் படகில் வாழ்ந்தவர், வீட்டில் ஒருபோதும் எண்ணாத ஒன்றை எண்ணக் கற்கிறார். திறந்த குழாய்க்கும் எரியும் விளக்குக்கும் வீசும் குப்பைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அங்கே அளவுமானியில் கண்ணெதிரே தெரிகிறது. அந்த அளவுமானியை விருந்தினர் காணாமல் மறைத்து வைப்பதையே இன்றைய சொகுசு தன் திறமையாகக் கருதுகிறது. அதை வெளிப்படையாகக் கூடத்தில் மாட்டி வைக்கும் படகே அத்தீவுகளுக்கும், அதில் உழைப்போருக்கும், நெடுநோக்கில் விருந்தினருக்கும் நன்மை செய்யும்.